பேரம் நடந்த நாள் வேறு

2024 அக்டோபர் நடுவில் சென்னைக்குக் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரங்களில் கார்கள் வரிசைகட்டி ஏறி நின்றன. காவல்துறை அபராதம் போடுகிறது என்று ஒரு பேச்சு கிளம்பி, பிறகு மறுக்கப்பட்டது. அபராதம் உண்டு என்றாலும் பலர் வண்டியைக் கீழே இறக்கியிருக்க மாட்டார்கள். 2015 டிசம்பரில் அடையாறு வீடுகளுக்குள் புகுந்ததையும், 2023-ல் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணையில் கார்கள் அடித்துச் செல்லப்பட்டதையும் பார்த்த ஊர் இது.

அந்த வரிசையில் நின்ற வண்டிகளில் பலவற்றுக்கு முழுக் காப்பீடு இருந்திருக்கும். வெள்ளச் சேதம் அதில் அடக்கம். இருந்தும் ராத்திரி முழுக்கக் காரைப் பாலத்தில் விட்டுவைக்கிறார்கள் என்றால், வெள்ளத்தைவிட வெள்ளம் வடிந்த பிறகு நடக்கும் பேச்சுக்குத்தான் பயப்படுகிறார்கள் என்று தோன்றுகிறது.

சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயரோடு அந்தப் பேச்சு எப்படிப் போகும் என்பது அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும்.

“எட்டு லட்சத்துக்கு வாங்கின வண்டி சார். நாலு வருஷம்கூட இன்னும் ஆகல.”

“பாலிசியில ஐடிவி நாலு இருபதுன்னு போட்டிருக்கு சார். அதுக்கு மேல நான் எழுத முடியாது.”

அதோடு சரி. உரிமையாளர் ஷோரூம் ரசீதைக் காட்டுவார், ஓஎல்எக்ஸில் அதே மாடல் என்ன விலைக்குப் போகிறது என்று காட்டுவார், கடைசியில் குரலை உயர்த்துவார். எதுவும் ஐடிவி என்ற அந்த எண்ணை, அதாவது பாலிசியில் எழுதிய மதிப்பை, அசைக்காது. காரின் விலை பேசப்பட்ட நாள் எட்டு மாதத்துக்கு முன்பே கடந்துவிட்டது. அன்றைக்கு அவர் பேரமே பேசவில்லை. பிரீமியம் குறைந்ததில் சந்தோஷப்பட்டு ஓடிபி எண்ணைத் தட்டிவிட்டு வேறு வேலை பார்க்கப் போனார்.

உருப்படாமல் போன ஒரு பொருளுக்கு என்ன விலை, அதை எப்போது தீர்மானிப்பது, மிச்சத்தை யார் தூக்கிச் சுமப்பது என்ற மூன்று கேள்விகளும் காரைவிட மிகப் பழையவை. அவை கடலில் பிறந்தவை. பிரான்சில் பதினான்காம் லூயி 1681-ல் பிறப்பித்த கடல் சட்டத்திலேயே, கப்பல் தரைதட்டினாலோ உடைந்தாலோ எதிரி கையில் சிக்கினாலோ, உரிமையாளர் அதைக் காப்பீடு எழுதியவர்களிடமே ஒப்படைத்துவிட்டு முழுத்தொகை கேட்கலாம் என்ற ஏற்பாடு இருந்தது. கப்பலைக் கைவிடும் உரிமை அது. மிஞ்சிய பலகையும் பாய்மரமும், அவற்றை மீட்கும் தொல்லையும் பணம் கொடுத்தவருக்கு. உரிமையாளர் காசை வாங்கிக்கொண்டு அடுத்த கப்பலைத் தேடிப் போகலாம். பிரிட்டன் 1906-ல் தன் கடல் காப்பீட்டுச் சட்டத்தைத் தொகுத்தபோது, பழுதுபார்க்கும் செலவு பழுதுபார்த்த பின் கப்பலுக்கு இருக்கும் மதிப்பைத் தாண்டினால் அதை முழு இழப்பாகவே கருதலாம் என்று எழுதி வைத்தது. 1963-ல் இந்தியா இயற்றிய கடல் காப்பீட்டுச் சட்டமும் பெரும்பாலும் அதையே பின்பற்றியது. இன்று கிண்டியிலோ அம்பத்தூரிலோ ஒரு ஒர்க்‌ஷாப்பில் நின்றுகொண்டு சர்வேயர் ‘டோட்டல் லாஸ்’ என்று சொல்லும்போது, அந்தக் கப்பல்காரர்களின் கணக்கைத்தான் சொல்கிறார்.

விலையை எப்போது தீர்மானிப்பது என்பதிலும் கடல்காரர்களிடம் இரண்டு வழிகள் இருந்தன. புறப்படும் முன்பே இந்தக் கப்பல் இவ்வளவு என்று பாலிசியில் எழுதிவிட்டால், மோசடி இல்லாதவரை அதுவே முடிந்த விலை. எழுதாவிட்டால், இழப்புக்குப் பிறகு கணக்குப் பார்க்க வேண்டும். முன்கூட்டியே எழுதுவதில் ஓர் ஆபத்து உண்டு: கப்பலின் மதிப்பைவிடப் பாலிசியின் மதிப்பு கூடிவிட்டால் கப்பல் மூழ்குவதே லாபம். தனக்குச் சம்பந்தமே இல்லாத கப்பல்மீது பந்தயம்போலக் காப்பீடு எடுப்பதை 1745-லேயே பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தடைசெய்ய வேண்டியிருந்தது. 1883-ல் லிவர்பூல் கட்டடம் ஒன்றின் தீவிபத்து வழக்கில் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் அடித்துச் சொன்ன விதி இன்றும் காப்பீட்டுப் பாடப் புத்தகங்களின் முதல் அத்தியாயம்: இழந்தது முழுவதும் கிடைக்க வேண்டும், இழந்ததற்கு மேல் ஒரு காசும் கிடைக்கக் கூடாது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ‘இழந்தது’ எவ்வளவு என்று சொல்லும் பேனா யார் கையில் இருக்கிறது என்பதை அந்த விதி சொல்வதில்லை.

இந்தியாவில் மோட்டார் காப்பீடு கட்டாயமானது 1946 ஜூலை 1 முதல். 1939-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் எட்டாம் அத்தியாயம் அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. கட்டாயம் என்பது சாலையில் மற்றவருக்கு நாம் உண்டாக்கும் சேதத்துக்கு மட்டும். சொந்த வண்டிக்கான காப்பீடு அன்றும் இன்றும் அவரவர் விருப்பம். சட்டத்தின் அக்கறை முழுக்க மூன்றாம் நபர்மேலேயே குவிந்திருந்ததால், சொந்தக் கார் விவகாரம் கம்பெனிக்கும் வாடிக்கையாளருக்கும் இடையிலான தனிப்பட்ட சமாசாரமாகவே வெகுகாலம் கிடந்தது.

2002 வரை இருந்த நடைமுறையைக் கொஞ்சம் நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். பாலிசி எடுக்கும்போது வண்டியின் மதிப்பை உரிமையாளரே உத்தேசமாகச் சொல்வார். அந்தத் தொகைக்குப் பிரீமியம் வாங்கிக்கொள்வார்கள். வண்டி போய்விட்டால், அவர் சொன்ன மதிப்பு, விபத்து நாளின் சந்தை மதிப்பு இரண்டில் எது குறைவோ அது. அதாவது அதிகமாகச் சொன்னால் பிரீமியம் தண்டம். குறைவாகச் சொன்னால் இழப்பீடு தண்டம். சந்தை மதிப்பை யார் சொல்வது? சர்வேயர் நாலு பழைய கார் வியாபாரிகளை விசாரித்து ஒரு தொகை எழுதுவார். உரிமையாளர் வேறு நாலு பேரிடம் கடிதம் வாங்கி வருவார். பேரம் முழுக்க விபத்துக்குப் பின்னால்தான் நடந்தது.

அந்தக் காலத்தில் சந்தை மதிப்பு என்பதே ஒரு வேடிக்கை. ஃபியட்டுக்கும் பஜாஜ் சேத்தக்குக்கும் பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த ஊர் இது. கைக்குக் கிடைக்கும் பழைய வண்டி, கிடைக்காத புது வண்டியைவிட அதிக விலைக்குப் போனது. சேத்தக் எரிந்துபோனவருக்கு ஷோரூம் விலையில் தேய்மானம் கழித்துக் கொடுத்தால், அந்தப் பணத்தில் அவரால் இன்னொரு சேத்தக் வாங்க முடியாது. கூடுதலாகக் கறுப்பில் கொடுத்த தொகைக்கு ரசீதும் கிடையாது. போதாக்குறைக்கு, 1973 ஜனவரி 1-ல் நூற்றுக்கு மேற்பட்ட பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் நான்கு அரசு நிறுவனங்களாகச் சுருக்கப்பட்டன. அவற்றில் ஒன்றான யுனைடெட் இந்தியாவுக்குத் தலைமையகம் நம் சென்னையிலேயே அமைந்தது. நான்குக்கும் ஒரே கட்டண அட்டவணை, ஒரே பாலிசி வாசகம். இங்கே சரியில்லை, அங்கே போகிறேன் என்று சொல்ல ‘அங்கே’ என்று ஓர் இடம் இல்லை.

2002 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த இந்திய மோட்டார் கட்டண விதிகள் இந்தச் சிக்கலை ஒரே வெட்டில் அறுக்கப் பார்த்தன. அன்றுதான் ஐடிவி என்ற மூன்றெழுத்து வந்தது: பாலிசியில் அறிவிக்கப்படும் காப்பீட்டு மதிப்பு. பாலிசி தொடங்கும் நாளில் அந்த மாடலுக்குக் கம்பெனி அறிவித்திருக்கும் விற்பனை விலையை எடுத்துக்கொள்ள வேண்டும். ஆறு மாதத்துக்குள் 5 சதவீதம், ஒரு வருடத்துக்குள் 15, இரண்டாம் வருடத்தில் 20, மூன்றாவதில் 30, நான்காவதில் 40, ஐந்தாவதில் 50 எனக் கழிக்க வேண்டும். கழித்து வருவது அந்தப் பாலிசிக் காலம் முழுவதும் சந்தை மதிப்பாகவே கொள்ளப்படும். பதினோராம் மாதம் கார் போனாலும் மேற்கொண்டு தேய்மானம் கிடையாது. பழுது, மீட்புச் செலவு இரண்டும் சேர்ந்து ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு இழப்பு. கடல்காரர்களின் ‘முன்பே எழுதிய விலை’ ஒருவழியாகத் தரைக்கு வந்தது என்று இதைச் சொல்லலாம். 2007-ல் கட்டணக் கட்டுப்பாடு நீங்கிய பிறகும் இந்த வாசகங்கள் ஏறக்குறைய அப்படியே தொடர்கின்றன.

நீதிமன்றமும் இதே திசையில் பேசியது. பாலிசி கொடுத்த ஏழே மாதத்தில் நொறுங்கிய ஒரு வாகனத்தின் வழக்கில் 2008-ல் உச்ச நீதிமன்றம் காப்பீட்டு நிறுவனங்களைக் கடுமையாகச் சாடியது. ஒரு மதிப்பை ஒப்புக்கொண்டு பிரீமியம் வாங்கிவிட்டு, கொடுக்க வேண்டிய நேரத்தில் அதே மதிப்பைச் சாக்குச் சொல்லித் தட்டிக்கழிப்பது சட்டப்படியும் தவறு, அறப்படியும் தவறு என்றது.

நல்ல சீர்திருத்தம்தான், எனக்கு அதில் சந்தேகமில்லை. ஆனால் அது பேரத்தை ஒழிக்கவில்லை. பேரம் பேசும் நாளை மாற்றியது. விபத்துக்குப் பிந்தைய நாளிலிருந்து பாலிசி புதுப்பிக்கும் நாளுக்கு அதை நகர்த்தியது. அந்தச் செய்தி வாடிக்கையாளருக்குச் சரியாகப் போய்ச் சேரவே இல்லை. இருபது வருடத்துக்கு மேலாகியும் நாம் பழைய நாளில்தான் ஆஜராகிக்கொண்டிருக்கிறோம்.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். எட்டு லட்ச ரூபாய் ஷோரூம் விலையுள்ள கார், மூன்று வருடம் முடிந்து புதுப்பிக்கப்படுகிறது. அட்டவணைப்படி 40 சதவீதம் போக 4,80,000. ஏஜெண்ட் ‘உங்களுக்காகக் குறைத்துத் தருகிறேன்’ என்று 4,20,000 போடுகிறார். 2002-ன் கட்டண அட்டவணையில் சொந்தச் சேதத்துக்கான விகிதம் மூன்று சதவீதத்தை ஒட்டி இருந்தது; அதை வைத்தால் மிச்சம் 1,800 ரூபாய். இன்றைய தள்ளுபடிகளும் நோ கிளெய்ம் போனஸும் போனால் மிச்சம் அதிலும் பாதிக்கு வந்துவிடும். ஒரு குடும்பம் ஓட்டலில் சாப்பிடும் காசுக்காக அறுபதாயிரம் ரூபாயை விட்டுக்கொடுத்தாயிற்று.

அறுபதாயிரத்தோடு விஷயம் முடிவதில்லை. ஐடிவி குறைந்தால் 75 சதவீதக் கோடும் சேர்ந்து இறங்கும். 4,80,000-க்கு அந்தக் கோடு 3,60,000, 4,20,000-க்கு 3,15,000. பழுதுச் செலவு மூன்று லட்சத்து நாற்பதாயிரம் என்று வைத்துக்கொள்வோம். முதல் பாலிசியில் காரைச் சரிசெய்து ஓட்டலாம். இரண்டாவதில் அதே கார் முழு இழப்பாகி, குறைந்த தொகையோடு கையைவிட்டுப் போகிறது. இணையத்தில் பாலிசிகளை ஒப்பிடும் திரைகள் எல்லாம் பிரீமியம் குறைந்ததை முதலில் காட்டுகின்றன. ஐடிவி பொடி எழுத்தில் ஓரமாக இருக்கும். ஷோரூம் விலையில்தான் ஐடிவி என்பதால், தமிழ்நாட்டில் விலையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கட்டிய வாழ்நாள் வரி அதில் சேராது. அதையும் சேர்த்து வாங்க வேண்டுமானால் ‘ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்’ என்ற கூடுதல் காப்பீடு வேண்டும், அதுவும் வண்டி புதிதாக இருக்கும் முதல் சில வருடங்களுக்குத்தான். 2025 செப்டம்பரில் சிறிய கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்தது. வாங்குபவர்களுக்கு அது நல்ல செய்தி. முந்தைய மாதம் வாங்கியவருக்கோ அடுத்த புதுப்பித்தலில் ஐடிவி எந்த விலையிலிருந்து இறங்கும் என்ற கவலை.

ஐந்து வருடம் தாண்டிய கார்களுக்கு அட்டவணையே கிடையாது. இரு தரப்பும் உடன்பட்டு மதிப்பை வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறது விதி. நடுத்தரக் குடும்பங்களில் ஏழெட்டு வருடம் ஓடும் கார்கள் சர்வ சாதாரணம். அதாவது பெரும் எண்ணிக்கையிலான வண்டிகளுக்கு விதி நேரடியாகவே ‘பேரம் பேசிக்கொள்ளுங்கள்’ என்கிறது. அந்தப் பேரம் இன்று கைபேசித் திரையில் விரலால் இடம் வலமாக இழுக்கும் ஒரு கோடாகச் சுருங்கிவிட்டது. யார் அதை வலப்பக்கம் இழுக்கிறார்கள்?

சரி, புதுப்பிக்கும் நாள் போய்விட்டது, காரும் போய்விட்டது. இனிப் பேச எதுவுமே இல்லையா? இருக்கிறது, ஆனால் ஐடிவியைப் பற்றி அல்ல. முதலாவது, முழு இழப்பா இல்லையா என்பதே. ஒர்க்‌ஷாப் நான்கு லட்சத்துக்கு எஸ்டிமேட் கொடுத்திருக்கும். சர்வேயர் பிளாஸ்டிக்கிலும் ரப்பரிலும் பாதியைத் தேய்மானமாகக் கழித்து, கூலியைக் குறைத்து, மூன்று நாற்பதில் நிறுத்துவார். பாலிசியின் நிபந்தனைகளுக்கு உட்பட்ட செலவுதான் 75 சதவீதக் கணக்குக்கு வரும் என்ற வாசகம் அவருக்கு இடம் கொடுக்கிறது. கோட்டுக்கு இந்தப் பக்கம் நிறுத்தினால், கழித்த அறுபதாயிரம் உரிமையாளர் தலையில் விழும். தேய்மானம் கழிக்காத ‘ஜீரோ டெப்’ கூடுதல் காப்பீடு இருந்தால்தான் அதில் தேய்மானப் பங்கிலிருந்து தப்பிக்கலாம். வெள்ளத்தில் நின்ற கார் என்றால் இன்னொரு கண்ணி. எஞ்சினுக்குள் தண்ணீர் இருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அது வெள்ளம் செய்த சேதமல்ல, நீங்கள் செய்த சேதம் என்பார்கள். வெள்ளத்தில் நின்ற வண்டியின் சாவியைத் திருகாமல் டோ வண்டிக்குக் காத்திருந்தவர்களுக்கு அந்தத் தகராறு வரவில்லை.

இரண்டாவது, உண்மையிலேயே பணம் புழங்கும் இடம்: மிஞ்சிய வண்டி. முழு இழப்பானால் ஐடிவியில் மிச்ச வண்டியின் விலையைக் கழித்துத் தருவோம் என்பதே பாலிசி வாசகம். அந்த விலையை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? படம் எடுத்து இணைய ஏலத்தில் போடுகிறார்கள். மிச்ச வண்டி வாங்கும் வியாபாரிகள் விலை சொல்கிறார்கள். பெரும்பாலும் இரண்டு விலை வரும்: ஆர்சி என்ற பதிவுச் சான்றோடு ஒன்று, அது இல்லாமல் ஒன்று. இந்த இரண்டுக்கும் இடையில் உள்ள வித்தியாசத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஓடாத இரும்புக்கு எதற்கு ஒரு காகிதம்? மலிவாகச் சரிசெய்து வெளியூரில் விற்க என்பது ஒரு பதில், அதில் தவறில்லை. திருட்டுக் காரில் அந்த சேசிஸ் எண்ணைப் பொறித்துச் சுத்தமான வண்டியாக்குவது இன்னொரு பதில். வட மாநிலங்களில் இப்படிப்பட்ட கும்பல்கள் பிடிபட்டிருக்கின்றன. சென்னை புதுப்பேட்டையில் உதிரிபாகமாகப் பிரிக்கப்படும் கார், எண் பிழைத்திருந்தால் வேறெங்கோ முழு வண்டியாக ஓடிக்கொண்டிருக்கலாம். பதிவேட்டில் உரிமையாளராக இருப்பவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. வண்டியை விற்றுப் பணம் வாங்கிக்கொண்டவரின் பெயரில் ஆர்சி இருக்கும்வரை அவருக்கு நிம்மதி இல்லை.

லூயியின் சட்டத்தில் கப்பல்காரர் கைவிட்டார். மிச்சத்தின் தொல்லை காப்பீட்டாளருக்குப் போனது. நம் கார் பாலிசி அந்தத் தொல்லையைச் சத்தமில்லாமல் திருப்பி உரிமையாளர் மடியில் வைத்துவிட்டது. ஏலத்தில் 1,30,000 வந்தது என்று சொல்லி அதைக் கழித்துக்கொள்வார்கள். வியாபாரியிடம் போனால் வண்டியை நேரில் பார்த்துவிட்டுத் தொண்ணூறுதான் தருவேன் என்பார். இடையில் விழும் நாற்பதாயிரத்துக்கு யாரும் பொறுப்பில்லை. இங்கேதான் உரிமையாளர் விடாப்பிடியாக நிற்க வேண்டும்: அந்த விலை சொன்னவரே அந்தப் பணத்தைக் கொண்டுவரட்டும், ஆர்சியையும் அவரே தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளட்டும், இல்லாவிட்டால் கம்பெனியே வண்டியை எடுத்துக்கொண்டு முழு ஐடிவியையும் தரட்டும். எழுத்தில் கேட்டால் பல கம்பெனிகள் இறங்கி வருகின்றன. வாய்ப்பேச்சில் கேட்டால் வருவதில்லை. பாக்கி இருக்கும் கார் கடன் முதலில் வங்கிக்குப் போகும் என்பதையும், ஒர்க்‌ஷாப் எஸ்டிமேட் கட்டணம், நிறுத்திவைத்த வாடகை என்று தன் பங்கைக் கேட்கும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொண்டே இந்தப் பேச்சில் உட்கார வேண்டும்.

கருவிகள் இல்லாமலில்லை. சர்வே அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கலாம். சர்வேயர் அறிக்கை முக்கியமான ஆவணம்தான், ஆனால் அதுவே கடைசி வார்த்தை அல்ல என்று 2009-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024 சுற்றறிக்கைப்படி 24 மணி நேரத்தில் சர்வேயரை நியமிக்க வேண்டும், 15 நாளில் அறிக்கை வாங்க வேண்டும், அதிலிருந்து 7 நாளில் முடிவு சொல்ல வேண்டும். டிஸ்சார்ஜ் வவுச்சரில் ‘முழுமையும் இறுதியுமாக’ என்று கையெழுத்துப் போட்டாலும் அதிகம் கேட்டு வழக்காடும் உரிமை போகாது என்று ஆணையமே 2015-ல் தெளிவுபடுத்தியிருக்கிறது. நிறுவனத்திடம் புகார் கொடுத்து ஒரு மாதம் ஆகியும் தீராவிட்டால் சென்னையில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகம் இருக்கிறது. 50 லட்சம் வரை விசாரிக்கலாம், கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை.

ஆனால் இவை எல்லாம் சண்டைக்குப் பிறகான ஏற்பாடுகள். சண்டை எங்கே தொடங்குகிறதோ அங்கே ஆணையம் இன்னும் கைவைக்கவில்லை. ஐந்து வருடம் தாண்டிய வண்டிக்கு மாடல் வாரியாக ஒரு குறைந்தபட்ச மதிப்பை வெளியிடலாம். முழு இழப்பான வண்டி சரிசெய்ய முடியாததாக இருந்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-ம் பிரிவுப்படி பதிவை ரத்துசெய்யும் வேலையை உரிமையாளர் தலையில் விடாமல் நிறுவனத்தையே செய்யச் சொல்லலாம். ஏலத்தில் எத்தனை பேர் கலந்துகொண்டார்கள், ஒவ்வொருவரும் சொன்ன விலை என்ன, அது எத்தனை நாள் செல்லும் என்ற பட்டியலை இழப்பீட்டுக் கடிதத்தோடு உரிமையாளருக்கும் அனுப்ப வேண்டும் என்று உத்தரவிடலாம். அதற்குச் சட்டத்திருத்தம்கூட வேண்டியதில்லை, ஒரு பக்கச் சுற்றறிக்கை போதும்.